கேட்டையின் துணை

அன்புள்ள ஐயா,

என் தங்கச்சிக்குக் கேட்டை நட்சத்திரம். அண்மையில் வந்த சம்பந்தம் குறிப்புப் பார்த்த கையோடு நின்றுபோனது. மாப்பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். கேட்டைப் பெண் மூத்தாருக்கு ஆகாதாம். தங்கச்சி அழவில்லை. "அந்த நட்சத்திரத்தை ஒருக்கா எனக்குக் காட்டு" என்கிறாள். கொழும்பில் தெரியுமா? அது இரட்டை என்று எங்கோ வாசித்தேன், உண்மையா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சம்பந்தம் நின்றதைப் பற்றி. கேட்டையில் பிறந்தாள் என்றால், பிறந்த நேரத்தில் சந்திரன் வானில் அந்தப் பக்கம் நின்றது, அவ்வளவுதான். மாதாமாதம் சந்திரன் அந்த வழியாகப் போகிறது, ஏறக்குறைய ஒரு நாள் அங்கே நிற்கிறது. கணக்குப் பார்த்தால் உலகில் 27 பேருக்கு ஒருவர் கேட்டை. இத்தனை கோடிப் பெண்களும் மூத்தாருக்குக் கேடு என்பதை நான் ஏற்கமாட்டேன். இதைச் சொல்லி ஒரு பிள்ளையை வேண்டாம் என்பது அநியாயம்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். ஆம், இரட்டைதான்: பெரிய நட்சத்திரம் ஒன்று, அதோடு சேர்ந்து சுற்றும் சிறிய துணை ஒன்று. வானியலாளர் அன்டாரஸ் என்று சொல்லும் பெரியது, ராட்சத நட்சத்திரங்களிலும் மிகப் பெரிய வகை. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். மேற்பரப்புச் சூடு சூரியனைவிடக் குறைவு, அதனால்தான் சிவப்பு. துணையோ நீலவெள்ளை, 18,000 பாகையைத் தாண்டிய சூடு. தனியாக நின்றிருந்தால் இருண்ட கிராமத்து வானில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்திருக்கும். பெரியவரின் ஒளியில் அமுங்கிக் கிடக்கிறது.

அதைக் காட்டிக்கொடுத்தது சந்திரன். 1819 ஏப்ரல் 13இல் சந்திரன் கேட்டையை மறைத்து விலகுவதை வியன்னாவில் யோஹான் பூர்க் என்ற வானியலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரனின் விளிம்பிலிருந்து முதலில் மங்கலான ஒரு புள்ளி வந்தது. சில விநாடி கழித்துத்தான் பெரிய ஒளி. சந்திரனுக்கும் காற்றுமண்டலம் இருக்கிறது, அதனூடே வந்த வெளிச்சம்தான் அது என்று அந்தக் காலத்தில் விளக்கம் சொன்னார்கள். துணை உறுதியாக 1846 ஆயிற்று. சந்திரன் கேட்டையில் நின்றதால் மனிதருக்குக் கிடைத்தது இந்த அறிவு, அதை உங்கள் தங்கச்சிக்குச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் இடையில் சூரியன்–பூமி தூரத்தைப்போல் 500 மடங்குக்கு மேல். ஒரு சுற்றுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாகும். பெரியது ஓயாமல் வாயுவை வெளியே தள்ளுகிறது, துணை அதற்குள்ளேயே நின்று தன் புறஊதாக் கதிரால் சுற்றியுள்ள பகுதியை ஒளிரவைக்கிறது. கேட்டை யாரையாவது பாதிக்கிறது என்றால் இந்தத் துணையைத்தான். நமக்கு வருவது வெளிச்சம் மட்டும், அதுவும் சுமார் 550 ஆண்டுப் பழையது. போர்த்துக்கேயர் 1505இல் கொழும்பில் இறங்குமுன் புறப்பட்டது.

எங்கே பார்ப்பது? ஜூலைத் தொடக்கத்தில், முகில் விலகிய இரவில் ஒன்பதரை மணிபோல, மெரின் டிரைவில் கடலைப் பார்த்து நில்லுங்கள். இடக்கைப் பக்கம் தெற்கு. அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே செம்மையாக ஒன்று நிற்கும், இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொரு நட்சத்திரம். நகர வெளிச்சத்தில் பக்கத்து இரண்டும் தெரியாமல் போகலாம், கேட்டை தப்பாது. ஓகஸ்டில் என்றால் பொழுதுபட்டவுடனேயே பார்க்கலாம்.

துணையைப் பிரித்துப் பார்க்கப் பைனாகுலர் போதாது, நல்ல தொலைநோக்கியும் அசையாத காற்றும் வேண்டும். அதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வியன்னாவில் கேட்டை 15 பாகைதான் ஏறும், நமக்கு 56 பாகை. மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களுக்கு வானம் காட்டும் நாள் எப்போது என்று விசாரித்து, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் துணை பச்சையாகத் தெரிந்தால் குழம்பவேண்டாம், அருகருகே நிற்பதால் கண்ணுக்கு அப்படித் தோன்றுவதுதான்.