சந்தேகம் எந்தப் பக்கம் சாய்கிறது?

கேள்வி: துறைமுக நகரில் வேலை பார்க்கும் சீனப் பொறியியலாளர்கள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருவர் தன் மேற்பார்வையாளருக்கு ‘ஐ டவுட் த பம்ப் இஸ் லீக்கிங்’ என்று மின்னஞ்சல் அனுப்பினார். பம்பு ஒழுகுகிறது என்பது அவர் எண்ணம். ஒழுகவில்லை என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் பேசாமல் இருந்துவிட்டார். தயக்கத்துக்கும் ஐயத்துக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை இவர்களுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது? அகராதி கொடுத்தும் பயனில்லை.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அகராதிதான் வினையே, சகோதரி. சீனத்தில் ‘ஹுவாய்யி’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கு நேரே அகராதிக்காரர் டவுட், சஸ்பெக்ட் இரண்டையும் அருகருகே போட்டுவிடுகிறார். உங்கள் மாணவர் முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டார். ‘அவன் பேச்சை ஹுவாய்யி செய்கிறேன்’ என்றால் நம்பவில்லை என்று பொருள். ‘அவன்தான் எடுத்தான் என்று ஹுவாய்யி செய்கிறேன்’ என்றால் எடுத்திருப்பான் என்றே படுகிறது. அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. நம் ‘சந்தேகம்’ செய்வதும் இதே இரட்டை வேலைதான்: பக்கத்து வீட்டுக்காரனையும் சந்தேகிக்கிறோம், அவன் சொல்லும் சாக்குப்போக்கையும் சந்தேகிக்கிறோம்.

ஆங்கிலம் இங்கே கறாராக இருக்கிறது. டவுட் என்றால் மனம் ‘இல்லை’ பக்கம் சாய்கிறது. சஸ்பெக்ட் என்றால் ‘ஆம்’ பக்கம். இதை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், செய்யவையுங்கள். வகுப்பில் ஒரு வாளியை வைத்துவிட்டு வாக்கியத்தை வாசியுங்கள். ‘ஐ சஸ்பெக்ட் இட் இஸ் லீக்கிங்’ என்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ‘ஐ டவுட் இட் இஸ் லீக்கிங்’ என்றால் உட்கார்ந்து பிளேன்ரீயைக் குடித்து முடிக்கலாம். பொறியியலாளர்களுக்கு இலக்கணத்தைவிட வாளி விரைவில் புரியும். பிறகு பம்பை விட்டு வேறு வாக்கியங்களை இந்த இரு சொற்களோடும் சேர்த்துப் பழக்குங்கள்: அவர் வருவார், மழை பெய்யும், கணக்குச் சரி.

ஒன்றை மட்டும் உங்களிடமிருந்து அவர்களுக்குத் தொற்றவிடாதீர்கள். கேள்வி கேட்க எழும்போது ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது நம் பக்கத்து வழக்கம். இலண்டனில் அப்படிச் சொன்னால், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று கேட்கும். ‘க்வெஸ்ச்சன்’ போதும்.

அடுத்தது ஹெசிட்டன்ட், ரிலக்டன்ட். நம் ‘தயக்கம்’ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும். சீனத்தில் ‘யோயூ’ என்பது ஹெசிட்டன்டுக்கு நெருங்கி வரும்: எப்படி என்று தெரியாமல், எதை என்று முடிவாகாமல் நிற்பது. ரிலக்டன்ட் என்பவருக்கு ஐயம் எதுவும் இல்லை, விருப்பம்தான் இல்லை. நண்டுக் கறியைக் கையால் சாப்பிடச் சொன்னால் உங்கள் மாணவர் ஹெசிட்டன்ட். போயா விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் ரிலக்டன்ட். வேவர், வேசிலேட், ஃபால்ட்டர் எல்லாம் தேர்வு எழுதுகிறவர்கள் பாடு. பம்புக்கு வேண்டாம்.

‘மேபி’யில் நேரத்தைச் செலவிடுங்கள். சீனத்தில் ‘கெனெங்’ வினைக்கு முன்னே வந்து நிற்கும், வினை உருமாறாது. அதனால்தான் ‘ஹி மேபி கோ’ என்கிறார்கள். மேபியை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அல்லது வினையோடு ‘மே’ சேர்க்கச் சொல்லுங்கள். நடந்து முடிந்ததைப் பற்றிய ஐயத்துக்கு ‘மே ஹேவ் கோன்’ வாயில் ஊறும்வரை சொல்லிப் பழக வேண்டும். நமக்கு ‘போயிருக்கலாம்’ என்று ஒரே சொல்லில் முடிகிறது. அவர்களுக்கு அந்த வசதி தாய்மொழியில் இல்லை, பொறுமையாக இருங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்கு வரும் சீன வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுக்குப் பேச்சு ‘நெய்கெ, நெய்கெ’ என்கிறார். திட்டுகிறாரா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை ஐயா, சொல் தேடுகிறார். ‘அது’ என்று பொருள். நாம் ‘வந்து... வந்து...’ என்று இழுக்கிறோம் அல்லவா, அந்த வேலை. ஆங்கிலேயர் ‘அஹ்’, ‘அம்’ என்பார்கள். இவையும் வெறும் சத்தம் அல்ல என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள்: சிறிய தாமதத்துக்கு ‘அஹ்’, பெரியதற்கு ‘அம்’.

ஆனால் உங்கள் பயம் புதிதல்ல. 2020இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் இந்தச் சீன இழுவையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். கறுப்பினத்தவரை இழிக்கும் ஆங்கிலச் சொல்போல் அது மாணவர் சிலரின் காதில் விழ, முறைப்பாடு எழுந்து, அவர் அந்தப் பாடத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. உங்கள் வாடிக்கையாளர் ஆங்கிலம் பேசும் கூட்டத்துக்குப் போகிறவர் என்றால், அந்த இடத்தில் ‘வெல்’ என்று இழுக்கப் பழகச் சொல்லுங்கள். உங்கள் கடையில் அவர் விருப்பம்போல் ‘நெய்கெ’ சொல்லட்டும்.