சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு முதலில் சூடு கொடுங்கள், மருந்து அப்புறம்

கேள்வி: பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பசார் மாலாமில் நான்கு கம்போங் கோழிக் குஞ்சுகள் வாங்கினோம். ஒரு வாரக் குஞ்சு என்றுதான் விற்றவர் சொன்னார். மூன்று நன்றாக ஓடித் திரிகின்றன. ஒன்று மட்டும் நேற்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு, முடியைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறது. பின்பக்கம் வெள்ளையாக எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது, தீனியும் தொடவில்லை. மகனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கரைத்துக் கொடுக்கலாமா? அம்மா மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டச் சொல்கிறார்.

பதில்: அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள் சகோதரி. ஒரு வாரக் குஞ்சின் எடை ஏறத்தாழ 50 கிராம்தான், மனிதர்களுக்கான மருந்தில் அதற்கு அளவு கணக்கிடவே முடியாது. பனடோலும் அப்படித்தான். வெங்காயம் பறவைகளின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், அதனால் அதுவும் வேண்டாம். மஞ்சளால் அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் அரைத்த விழுதைச் சோர்ந்த குஞ்சின் வாயில் திணித்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அம்மா அக்கறையில் சொல்கிறார், இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் குஞ்சுக்குத் தேவை சூடு. நம் ஊரே வெயில் ஊர், இதில் குஞ்சுக்குத் தனியாக எதற்குச் சூடு என்று பலர் நினைக்கிறார்கள், வாங்கி வந்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் சாவதற்கு இந்த நினைப்பு ஒரு பெரிய காரணம். முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வரை வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். பினாங்கில் மழை பெய்த இரவில் வெளியே 24, 25 டிகிரிதான் இருக்கும். வீட்டுக்குள் மேலே காற்றாடி சுற்றுகிறது, கீழே தரை ஓடு சில்லென்று இருக்கிறது. தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் இருக்க வேண்டியது அந்தத் தரையில் நின்றால் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும். உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குச் செரிமானமும் நின்றுவிடும், அந்த நிலையில் தீனியை ஊட்டினால் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துப்போகும். அதனால்தான் சூடு, தண்ணீர், தீனி என்ற வரிசையை மாற்றக் கூடாது என்று சொல்கிறேன்.

ஆழமான அட்டைப்பெட்டி ஒன்று எடுத்து, காற்றாடியின் காற்று படாத மூலையில் வையுங்கள். அடியில் செய்தித்தாள் போடாதீர்கள், அது வழுக்கும், கால் இரண்டு பக்கமும் விரிந்துபோய் அப்புறம் குஞ்சால் நிற்க முடியாது. பழைய துண்டோ கிச்சன் பேப்பரோ போதும். சூட்டுக்குக் குண்டு பல்பு இருந்தால் நல்லது, இப்போது வீடுகளில் எரியும் எல்இடி பல்பில் வெளிச்சம் வருமே தவிரக் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது, இதைக் கவனிக்காமல் இரவெல்லாம் எரியவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். செல்லப் பிராணிக் கடைகளில் ஆமை, ஓணான் வளர்ப்பவர்களுக்காகச் சூடு பல்பு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இன்று இரவுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், ஒரு போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருங்கள். சூடு பெட்டியின் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும், தாங்காவிட்டால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். அது போத்தலோடு ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தினால் சூடு போதவில்லை, இறக்கையை விரித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

மற்ற மூன்றோடு விடாதீர்கள், சோர்ந்ததைக் கொத்தும், நோய் இருந்தால் பரவவும் செய்யும். தனிப் பெட்டியைப் பக்கத்திலேயே வைத்தால் போதும், கூட்டத்தின் சத்தம் கேட்டால் அதுவும் கத்தி அலையாது. அந்த மூன்றும் அதே வயதுதான், அவற்றுக்கும் இதே சூடு வேண்டும்.

அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு சூடேறியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டிய எச்சம் ஆசனவாயை அடைத்துவிட்டால் குஞ்சு கழிக்க முடியாமலே செத்துப்போகும். காய்ந்ததைப் பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஊறவைத்து, இளகியதும் மெதுவாகத் துடைத்தெடுங்கள், உடனே ஈரம் போகத் துடைத்துச் சூட்டில் விடுங்கள், துளி தேங்காய் எண்ணெய் தடவினால் மறுபடி ஒட்டாது. ஒன்றை மறக்காதீர்கள்: வால் பக்கம் இருப்பதுதான் ஆசனவாய், வயிற்றின் நடுவில் பொருக்குப்போல இருப்பது தொப்புள், அதைத் தொடவே கூடாது. பயணத்தாலும் குளிராலும் இப்படி ஒட்டுவது சகஜம், தினம் இரண்டு தடவை பார்த்துத் துடைத்தால் சில நாளில் நின்றுவிடும்.

பிறகு தண்ணீர். பார்மசியில் ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவைவிட இரண்டு மடங்கு தண்ணீரில் கரையுங்கள், உப்பு அதிகமானால் குஞ்சு தாங்காது. அது இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனி. சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம், நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே நக்கி விழுங்கும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒரு சொட்டு. ஓஆர்எஸ் ஒரு நாள் போதும், அப்புறம் சாதாரணத் தண்ணீர். குடிக்கும் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், அதில் கோலிக்குண்டோ சிறு கல்லோ போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தலை கவிழ்ந்து மூழ்கிவிடும்.

கண்ணைத் திறந்து நடக்க ஆரம்பித்தால்தான் தீனி. தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேளுங்கள், புரதம் 18 முதல் 20 விழுக்காடு இருக்க வேண்டும், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து கொஞ்சமாக வையுங்கள். முட்டைக் கோழித் தீவனம் கொடுக்காதீர்கள், அதில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நொய்யரிசி மட்டும் போட்டு வளர்ப்பதும் சரியில்லை. அவித்த மஞ்சள் கரு ஒரு சிட்டிகை கொடுக்கலாம், நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

எச்சத்தில் ரத்தம் வந்தால் அது வேறு கதை. ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சுக்கு, ஈரமான படுக்கையால் வருவது. அதற்கு அம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், அந்த நாட்களில் பி1 வைட்டமின் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்து திருகிக்கொண்டாலோ, மூச்சு இழுத்தாலோ, எச்சம் பச்சையாகப் போனாலோ வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் நியூகாசில் வைரஸ் நோயாக இருக்கலாம், வீட்டு வைத்தியம் அதற்கு உதவாது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் சாக்கடையில் போட்டுவிடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள், 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்த நாடு இது.

இன்று இதெல்லாம் செய்தும் நாளைக்குள் தேறாவிட்டால், கோழி பார்க்கும் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள், நாய் பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குகள் நிறைய. எச்சத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அவருக்கு உதவும். எல்லாம் சரியாகச் செய்தும் சில குஞ்சுகள் பிழைப்பதில்லை, பிள்ளைகளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம், வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மோனெல்லா கிருமி பார்வைக்கு நன்றாக இருக்கும் குஞ்சிலும் இருக்கும். தண்ணீர்த் தட்டைச் சமையலறைச் சிங்க்கில் கழுவாதீர்கள்.

தேறிவிட்டால் இரண்டு நாள் கழித்து, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடிய ஒரு பகல் நேரத்தில் மற்றவற்றோடு விடுங்கள், கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.