மூன்று குளிசை, ஒரே தரம்

வணக்கம் ஐயா,
அம்மம்மாவின் றங்குப் பெட்டிக்குள் 1990களில் எழுதின மருந்துத் துண்டு ஒன்று இருந்தது. மலேரியாவுக்கு ‘ஃபான்சிடார் 3’ என்று மட்டும் போட்டிருக்கிறது. மூன்றையும் ஒரே தரத்தில் விழுங்கினதாகச் சொல்கிறா. இப்போது எதற்கும் ஐந்து நாள், ஏழு நாள் மருந்து. ஒரு தரத்தோடு முடிகிற மருந்தை ஏன் கைவிட்டார்கள்?
கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி

அன்பான பிள்ளைக்கு,

அம்மம்மா சொல்வது சரி. ஒரு குளிசையில் சல்ஃபடொக்சின் என்ற சல்பா வகை மருந்து 500 மில்லிகிராம், பைரிமெதமின் 25. வளர்ந்தவருக்கு மூன்று, அவ்வளவுதான். சல்ஃபடொக்சின் இரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சிறுநீரோடு மெல்ல மெல்லத்தான் கழியும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். பென்சிலினுக்கு அது அரை மணித்தியாலம், கொட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் உள்ள சல்பாவுக்குப் பத்து மணித்தியாலம்.

இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களில் படுத்த காலம் அது. ஏழு நாள் மருந்து கொடுத்தால் நாலாம் நாள் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கண் முன்னால் விழுங்க வைத்தால் வைத்தியம் முடிந்தது. அந்த மருந்தை நான் கும்பிட்டிருக்கிறேன்.

ஒத்துவராவிட்டால்தான் வில்லங்கம். ஒருவருக்கு வாயெல்லாம் புண்ணாகி, தோல் வெந்ததுபோல் உரிந்தது. வேறு மருந்தென்றால் நிறுத்தலாம். இதில் நிறுத்த என்ன இருக்கிறது? விழுங்கினது விழுங்கினதுதான், நாலு வாரம் போனாலும் பதினாறில் ஒரு பங்கு உள்ளே நிற்கும். மலேரியா வராமலிருக்க வாரம் ஒன்றாக இதைப் போட்ட அமெரிக்கப் பயணிகள் சிலர் இப்படி இறந்துபோக, 1985இல் அங்கே எச்சரிக்கை விடுத்தார்கள். கிருமிக்கும் இது வசதி: கொல்லப் போதாத அளவில் மருந்து வாரக்கணக்காக வடிந்துகொண்டிருந்தால் அது தப்பப் பழகிவிடும்.

ஆபிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு மலேரியாத் தடுப்பாக இன்னும் கொடுக்கிறார்கள், மாதம் ஒன்றாவது இடைவெளி விட்டு. இங்கே இலங்கையில் 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றின மலேரியா இல்லையென்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்துவிட்டது. ஆனால் சல்பா போய்விடவில்லை. வயல் சேற்றால் தொற்றும் மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு, ஊசி மருந்து முடிந்த கையோடு கொட்ரைமொக்சசோல் மூன்று மாதமாவது போடவேண்டும், நாளுக்கு இரண்டு வேளை. அம்மம்மாவிடம் சொன்னால் சிரிப்பா.

அவவுக்கு அப்போது தடிப்போ வாய்ப்புண்ணோ வந்ததா என்று ஒருக்கால் கேளுங்கள். வந்திருந்தால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ‘சல்பா ஒத்துவராது’ என்று எழுதுவியுங்கள்.