எடை முழுக்க தலையில்தான்

வாங்கிய பழைய பேண்ட்சா மில்லை (மரத்தடியைப் பலகையாக அறுக்கும் இயந்திரம்) அப்படியே டிரெய்லரில் ஏற்றலாமா, பிரிக்க வேண்டுமா என்கிறீர்கள். தலைப்பகுதி ஓடும் தண்டவாளம் டிரெய்லருக்குள் அடங்கினால் பிரிக்காதீர்கள். கவனம் இன்ஜின் இருக்கும் தலைப்பகுதியில் வேண்டும். அது டிரெய்லரின் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கட்டும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியில் விழ வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். தலையைக் கீழே இறக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்து உட்கார வையுங்கள். அந்தரத்தில் விட்டால் ஒவ்வொரு குழிக்கும் தலையை ஏற்றி இறக்கும் தூக்குக் கேபிள் வெட்டி இழுபடும். தலை நகராமல் பூட்டும் லாக் பின்னை மட்டும் நம்ப வேண்டாம். தலையின் இரும்புச் சட்டத்திலிருந்து டிரெய்லரின் நான்கு மூலைக்கும் தனித்தனி ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) போடுங்கள். பிளேடு கவரில் மாட்டினால் நசுங்கிவிடும். தண்டவாளத்துக்கு வேறு பெல்ட். பிளேடைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், பெல்ட் தளர்ந்திருக்கும்.