வேரிக்கோசீல் வெட்டினா விந்தணு கூடுமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 32 வயசு, பொகவந்தலாவ பக்கம் டீ பெக்டரியில ட்ரையர் வேல. கல்யாணமாகி நாலு வருஷம், புள்ள இல்ல. வீட்டுல எல்லாரும் அவளத்தான் பேசுறாங்க, ஆனா டெஸ்ட் பண்ணினா எனக்குத்தான் விந்தணு மில்லிலிட்டருக்கு 70 லட்சம், அசைவு 25 வீதம். இடப்பக்க விதைப்பையில வேரிக்கோசீல், அதாவது ரத்தக்குழாய் வீங்கி சுருண்டு இருக்காம், தொட்டாலே தெரியுது, ஒப்பரேஷன் செய்யணுமாம். செஞ்சா சரியாகுமா?

பதில்: தம்பி, மலையில நின்னு நின்னு கொழுந்து எடுக்குற அம்மாமாருக்கு கெண்டைக்காலுல நரம்பு சுருண்டு நீலமா பொடச்சு நிக்குமே, பாத்திருப்பீங்க, அதே சங்கதிதான் உங்களுக்கு விதைப்பையில. இடப்பக்க ரத்தக்குழாய் நீளம், அது நேரா மேல போய் சிறுநீரகத்து குழாயில சேருது, நடுவுல வால்வு பழுதானா ஏறின ரத்தம் திரும்பிக் கீழயே வந்து தேங்கிரும். விதை ஒடம்பு சூட்ட விட ரெண்டு மூணு டிகிரி குளிரா இருந்தாதான் விந்தணு நல்லா உண்டாகும், இந்தத் தேங்கின ரத்தம் அங்க சூட்டக் கூட்டிருது. ட்ரையர் பக்கத்துலயே நிக்கிறதும் கொஞ்சம் சேந்து கெடுக்கலாம், டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டு கொஞ்ச நாளைக்கு கொழுந்து வாட்டுற மாடிக்கு மாறிக்க முடியுமான்னு பாருங்க.

சாதாரணம்னு சொல்ற அளவோட கீழ் எல்ல மில்லிலிட்டருக்கு 160 லட்சம், அசைவு 42 வீதம், உங்களுக்கு ரெண்டுமே கொறவு. கையால தொட்டே தெரியிற வேரிக்கோசீல், ரிப்போட்டும் கொறவு, அப்ப ஒப்பரேஷன் சொன்னது சரிதான். ஸ்கேன்ல மட்டும் தெரியிற சின்னதுன்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். பத்துப் பேருக்கு செஞ்சா ஆறேழு பேருக்கு எண்ணிக்கையும் அசைவும் கூடுது, விந்தணுவுக்குள்ள இருக்கிற டிஎன்ஏ ஒடைசலும் கொறையுது. ஆனா எண்ணிக்கை கூடின எல்லாருக்கும் புள்ள தங்கும்னு யாராச்சும் சத்தியம் பண்ணினா நம்பாதீங்க.

மைக்ரோஸ்கோப் வச்சு அடிவயித்துக்குக் கீழ சின்னதா கீறி செய்ற முறை கெடைச்சா அதுவே நல்லது, திரும்ப வர்றதும் விதையச் சுத்தி நீர் கட்டுறதும் அதுல ரொம்பக் கொறவு. அரசாங்க ஆஸ்பத்திரி யூரோலொஜி கிளினிக்ல காசு கேக்க மாட்டாங்க, டேட் கெடைக்கத்தான் கொஞ்சம் அலையணும். முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துக்கு தேத்தூள் மூட்டைய தொடவே தொடாதீங்க.

ஒரு விந்தணு உருவாக ரெண்டரை மாசம் போல ஆகும், அதனால அடுத்த மாசமே டெஸ்ட் பண்ணிட்டு ஒன்னும் கூடலையேன்னு ஒடிஞ்சு போகாதீங்க, மூணாம் மாசம் ஒருக்கா, ஆறாம் மாசம் ஒருக்கா பாருங்க. ரெண்டு நாள்ல இருந்து ஏழு நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருந்துட்டுத்தான் சாம்பிள் குடுக்கணும். சிகரெட்ட விட்ருங்க.

உங்க சம்சாரத்தையும் ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டிருங்க. குத்தம் சொல்ல இல்ல, அவங்க வயசையும் கருமுட்டையையும் பாத்துத்தான் ஒப்பரேஷனுக்குப் பொறகு எவ்வளவு நாள் காத்திருக்கலாம்னு முடிவு பண்ண முடியும். அது வரைக்கும் உங்க ரிப்போட்ல என்ன இருக்குன்னு வீட்டுல நீங்களே வாயத் தொறந்து சொல்லிருங்க தம்பி, நாலு வருஷமா அவங்கதான் பேச்சு கேட்டுக்கிட்டு இருக்காங்க.