அறைத்தோழியின் அலாரம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. வயது 19. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தினமும் அனுபவிக்கிறவளுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

என் அறைத்தோழி காலை 5 மணிக்கு அலாரம் வைப்பாள். ஆனால் எழுந்திருக்க மாட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அலறும். அவள் தூக்கத்திலேயே கையை நீட்டி அதன் வாயை அடைப்பாள். மறுபடியும் அலறும். அவள் எழுவது 7 மணிக்கு, நான் எழுவது 5 மணிக்கு. யாருக்காக வைத்த அலாரம் இது?

இரவில் இதற்கு நேர்மாறு. நான் 11 மணிக்குப் படுத்துவிடுவேன். அவளுக்கு அப்போதுதான் பொழுது விடியும். மேசைவிளக்கை 1 மணி, 2 மணி வரை எரியவிடுவாள். போர்வையால் முகத்தை மூடிக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அறை மிகச் சிறியது. இரண்டு கட்டில், இரண்டு மேசை. நடுவில் ஒருவர் நடக்கலாம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து வழிவிட வேண்டும். இந்த லட்சணத்தில் அவளுடைய ஈரத்துண்டு என் நாற்காலியில் காயும். இருப்பது ஒரே பிளக் பாயின்ட். என் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகுவாள். என் பக்கெட்டைக் கேட்காமல் எடுத்துப் போவாள். கேட்டால், "நீயும் என்னுடையதை எடுத்துக்கொள்ளேன்" என்பாள். அவளுடைய பக்கெட்டில் கைப்பிடி கிடையாது.

முதல் ஆண்டிலும் இதே அறை, இதே ஆள், இதே பக்கெட்தான். அப்போது எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சமாளித்தோம். இந்த செமஸ்டரில்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு போனில் குறித்துவைக்கிறேன். வார்டனிடம் போனால் ஆதாரம் வேண்டுமே! இதுவரை 43 குறிப்புகள் சேர்ந்துவிட்டன. விடுமுறை முடிந்து திரும்பிய இரண்டாவது வாரம், புதன்கிழமை, விளக்கைப் பற்றித் தொடங்கியது.

நான் பேசிப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் புதன்கிழமை காலையிலேயே விளக்கைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டேன். முந்தைய இரவு அவள் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தாள், விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது, எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. (நான் விழித்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். என் போன் ஒரு தடவை ஒளிர்ந்தது; உடனே கவிழ்த்துவைத்துவிட்டேன்.) காலையில் எவ்வளவு பணிவாகச் சொன்னேன் தெரியுமா? "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து விளக்கின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைக்கிறாள். அதுவும் என்னைக் குத்திக்காட்டுவதுபோல் இருக்கிறது. போனில் பேசுவதென்றால் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுகிறாள். நடுராத்திரியில் கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம். அதற்கும் எனக்குத்தான் விழிப்பு வருகிறது. அலாரத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அறையை மாற்றித் தரும்படி கேட்கலாமா? விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது? அப்படி மாறிப்போனால் அவள் மற்ற பெண்களிடம் என்னைப் பற்றி என்ன சொல்வாளோ என்றும் யோசனையாக இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மாணவி

*

அன்பு மகளுக்கு,

ஈரத்துண்டு, சார்ஜர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அலறும் அலாரம் எல்லாமே நியாயமான குறைகள்தான். நான்கு ஆண்டுகள் விடுதியில் இருந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருத்தியின் தூக்கத்துக்கு மூன்று அடி தள்ளி நம் தூக்கத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி எழுதியிருக்கிறாயே, அதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அதனால் பக்கெட்டை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம்.

உன் குறிப்புகள் தொடங்கிய நாளைப் பார். புதன்கிழமை. அவள் அழுதது செவ்வாய் இரவு. ஓர் ஆண்டு முழுக்க அதே அறையில் அதே பெண்ணோடு இருந்தபோது ஒரு குறிப்புகூட எழுதத் தோன்றாதவளுக்கு, அந்த இரவு விடிந்ததும் கணக்கு எழுதத் தோன்றியிருக்கிறது. வார்டனுக்கு ஆதாரம் என்கிறாய். எனக்கென்னவோ அது உனக்கு நீயே காட்டிக்கொள்ளும் ஆதாரம் மாதிரி தெரிகிறது. 'இவ்வளவு தொல்லை கொடுக்கிறவள் அழுதால் நான் ஏன் எழுந்து கேட்க வேண்டும்?' என்ற கேள்விக்கு 43 பதில்கள்.

என் துறையில் ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் என்று சமூக உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரண்டு சகாக்களும் விசாரித்து 1950இல் வெளியிட்டார்கள். குணமோ ரசனையோ பெரிதாக முடிவு செய்யவில்லை, கதவுகள்தான் முடிவு செய்திருந்தன. அடுத்தடுத்த கதவில் குடியிருந்தவர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிப் பழகினார்கள். தாழ்வாரத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். இதைப் பலரும் சொல்வார்கள். இதன் மறுபாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1976இல் கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் இதே கேள்வியைப் பகைக்கும் சேர்த்துக் கேட்டபோது, பிடிக்காதவர்கள் நண்பர்களைவிடவும் பக்கத்தில் இருந்தார்கள். சத்தம், குப்பை, வெளிச்சம் போன்றவை தூரத்திலிருந்து வந்து நம்மைத் தொடுவதில்லை, பாரு. அதனால் உன் எரிச்சலை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு நெருக்கத்தில் எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் போன வருடம் உங்களைச் சிரிக்கவைத்த பக்கெட்டுக்கும் இந்த வருடம் குறிப்பில் ஏறிய பக்கெட்டுக்கும் இடையே தூரம் ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. மாறியது வேறு ஏதோ ஒன்று.

அந்த இரவு நீ தூங்குவதுபோல் கிடந்ததைத் தவறென்று நான் நினைக்கவில்லை. இதைக் கேட்டு நீ வியக்கலாம். தனியாக அழ ஓர் அறை இல்லாத இடத்தில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் கண்ணை மூடிக்கொள்வதுதான் அழுகிறவளுக்குக் கிடைக்கும் ஒரே கதவு. விடுதியில் நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் இந்த உதவியைச் செய்திருக்கிறோம். 19 வயதில் நள்ளிரவில் எழுந்து போய் என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது என்று யாருக்குத்தான் தெரியும்? நீ பயந்திருக்கிறாய். அது மன்னிக்க வேண்டிய குற்றமே இல்லை.

தவறு காலையில் நடந்தது. அவள் முகம் வீங்கியிருந்திருக்கும். நீ பார்த்திருப்பாய். அன்றைக்கென்று பார்த்து விளக்கைப் பற்றிப் பேசினாய், அதுவும் பணிவாக. அந்தப் பணிவுதான் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு, சமாதானமாகி, பேச்சு எங்காவது திரும்பியிருக்கும்.

நீ விழித்திருந்தது அவளுக்குத் தெரியுமா என்பதுதானே உன் சந்தேகம்? தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள். என் அறைத்தோழி பொய்யாகத் தூங்கினால், புரண்டு படுக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆண்டு பக்கத்தில் படுத்தவளுக்கு உன் மூச்சின் தாளம் தெரியாதா? போன் வேறு ஒளிர்ந்திருக்கிறது. அவள் இடத்தில் நின்று பார்த்தால், இவள் எல்லாவற்றையும் கேட்டாள், காலையில் கேட்டதெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லித்தான். அதன்பிறகு அவள் என்ன செய்தாள்? விளக்கை மூடினாள், பேச்சைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோனாள். நீ இரண்டையும் உனக்கு எதிரான செயல்களாகப் பதிவு செய்திருக்கிறாய். நீ சொன்னதை ஒருத்தி அப்படியே கேட்டு நடந்தால் அதற்குப் பெயர் குத்திக்காட்டுவதா, மகளே? தன்னுடைய அறையில் இருந்துகொண்டே அவள் தன்னால் முடிந்தவரை இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள். (விளக்கின் மேல் துணி போடுவது தீப்பிடிக்கும் வேலை. இன்றைக்கே எடுக்கச் சொல். விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தால் போதும்.)

அறை மாறினால் அவள் மற்றவர்களிடம் என்ன சொல்வாளோ என்று கேட்கிறாய். நீ பயப்படும் வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும். 'நான் அழுதேன், அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள்.' அவள் இதை இதுவரை யாரிடமும் சொன்னதாக உன் கடிதத்தில் இல்லை. தினமும் சொல்லிக்கொண்டிருப்பது நீதான், உனக்குள். புது அறைக்குப் போனாலும் அந்த வாக்கியம் உன் பெட்டியோடு வரும். அங்கே இருக்கும் பெண்ணின் அலாரத்தையும் நீ எண்ணத் தொடங்குவாய்.

அவளிடம் நீ சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். "அன்று இரவு நான் விழித்திருந்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. காலையில் அதைக் கேட்காமல் விளக்கைப் பற்றிப் பேசிவிட்டேன்." இதோடு நிறுத்திக்கொள். அழுததற்குக் காரணம் கேட்காதே. சொல்ல விரும்பினால் அவளே சொல்வாள். கோபப்படலாம், மறுபடியும் "சரி" என்று மட்டும் சொல்லலாம். அவள் உடனே உருகிவிட வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதே. நீ போவது உன் பக்கத்தைச் சரிசெய்ய. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட இருவரும் துணி துவைக்கும்போதோ, எங்காவது நடந்து போகும்போதோ சொல்வது எளிது. இருவருக்கும் கண்களை வைக்க வேறு இடம் இருக்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி அவள் ஏதாவது சொன்னால், அல்லது சாப்பாடு, வகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முடங்குவதாகத் தெரிந்தால், ரகசியம் காக்கிறேன் என்று நீ தனியாகச் சுமக்காதே. பல்கலைக்கழக ஆலோசகரிடமோ வார்டனிடமோ அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவள் வர மறுத்தால் நீயாவது போ. அது கோள் சொல்வதாகாது.

அலாரத்தைப் பற்றி அதே நாளில் பேசாதே. இரண்டு வாரம் கழித்துப் பேசிக்கொள்ளலாம், அப்போது அவளே சிரிக்கக்கூடும். அதற்குப் பிறகும் தூக்கம் ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக வேறு அறை கேள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் 'இருவரும் தூங்கும் நேரம் பொருந்தவில்லை' என்ற ஒரு வரி போதும். 43 குறிப்புகளை இணைக்காதே.

அன்புடன்,
உன் ஆலோசகர் அம்மா