திருவையாற்றில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: தை மாதம் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாறு போனேன். பாட்டு முடிந்ததும் ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கோயில், ஒரு கடைத்தெரு, அசோகா அல்வா. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பந்தலை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

அந்த ஒரு கோயிலுக்குள்ளேயே, ஐயாறப்பர் கோயிலுக்குள்ளேயே, இன்னும் இரண்டு கோயில்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? வடகயிலாயத்தைக் கட்டியவர் முதலாம் ராஜராஜனின் தேவி உலோகமாதேவி. தென்கயிலாயத்தைப் புதுப்பித்தவர் ராஜேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து ராஜராஜன் பேரைச் சொல்கிறோம், சரி. பதின்மூன்று கிலோமீட்டரில் அவர் மனைவி கட்டிய கோயில் இருக்கிறது. அவர் பேரை எத்தனை பேர் சொல்கிறோம்? அம்மன் பேரே அங்கே அறம்வளர்த்தநாயகிதான்.

அப்புறம், நீங்கள் கேட்டுவிட்டு வந்த ஆராதனை. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். கவனிப்பாரில்லாமல் கிடந்த அவருடைய சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டு மண்டபம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். 1925-இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. அவர் கட்டிய இடத்திலேயே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாத் தரப்பும் ஒன்றாயின. இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடுகிறார்களே, அந்தக் காட்சிக்குப் பின்னால் அவருடைய பிடிவாதம் இருக்கிறது. 1952-இல் மறைந்த அந்த அம்மாளின் நினைவிடமும் அங்கேயே, தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி இருக்கிறது. கூட்டத்தில் நீங்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். எனக்கு வருத்தமே அதில்தான்.

அடுத்த முறை ஆடியில் போங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்திருந்தால், பதினெட்டாம் பெருக்கன்று படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி கண்ட விழா. அந்தக் காட்சியைக் கண்டு அவர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு ஏதோ ஒரு விலங்கோ பறவையோ ஜோடியாக வரும். வடகரை வயலும் தோப்பும் தெரிந்தவர்களுக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும். கோயிலின் தெற்குப் பிரகாரத்தில் நின்று ‘ஐயாறா’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பக் கேட்கும். கூட்டமில்லாத நாளாக இருந்தால் நல்லது.

காரில் போகாதீர்கள். தஞ்சாவூரில் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாக எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்தாவது காவிரி. அதைத் தாண்டியதும் இறங்கிக்கொள்ளலாம்.